அச்சு பிழைத்ததா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியில் சீசன் தொடங்க முன் ஹோட்டல்காரர் வேலையாட்களுக்கு ரீசேட் அடிப்பார். உப்புவெளியில் வெள்ளைக்காரரைச் சுழியோடக் கூட்டிப் போகிறவர் கீ டேக் செய்விப்பார். டிசம்பர் வந்தால் நகரத்து நகைக்கடை முதல் மூதூர் அரிசி ஆலை வரை எல்லாருக்கும் கலண்டர் வேண்டும். ஓடர் கொடுக்கும்போது ஒரு சிக்கலும் இல்லை. பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் கரைச்சல். "மட்டமான மை போட்டுத் தந்திட்டாங்கள்" என்று ஒரு பக்கம், "நீங்க தந்த பைல் அப்படி" என்று மறுபக்கம்.

யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்கச் சண்டை தேவையில்லை, பொருளே சொல்லிவிடும். பெட்டியின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து மேசையில் வரிசையாக வையுங்கள். பிழை எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருந்தால் அது பைலில் அல்லது அச்சுக்கு முன் செய்த தயாரிப்பில் பிறந்தது. சிலதில் இருக்கிறது, சிலதில் இல்லை என்றால் அடித்த கையில், சூட்டில், அவசரத்தில் பிறந்தது. வந்த அன்று நன்றாக இருந்து பிறகு கெட்டால், பொருளும் மையும் ஒத்துப்போகவில்லை, அல்லது நம் ஊர் வெயிலும் உப்புக் காற்றும் வேலையைக் காட்டிவிட்டன. கீழே வரும் எந்த அறிகுறிக்கும் முதலில் இந்த வரிசையைப் போட்டுப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

தமிழ் எழுத்து உடைந்து, இடம் மாறி வந்திருக்கிறது

இது எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரித்தான் வரும். ஆகவே பைல் பிழை. ஆனால் பைலிலும் பல வகைப் பிழை உண்டு. எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் எந்த வகை என்று தெரியும்.

கொம்பு இடம் மாறியிருந்தால், அதாவது "லை"யில் ல-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு பின்னால் போய் நின்றால், "கோ"வில் கொம்பும் காலும் இரண்டும் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால், யூனிகோட்டில் தட்டிய எழுத்தை அந்த டிசைன் புரோகிராம் கோக்கத் தெரியாமல் கொட்டியிருக்கிறது. பழைய போட்டோஷொப்பிலும் பழைய கோரல் டிரோவிலும் இது வாடிக்கை. அதற்குப் பிறகு வந்த பல போட்டோஷொப் பதிப்புகளில் எழுத்துக்கான அமைப்புப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்குரிய தெரிவு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு, புரோகிராமை ஒருமுறை மூடித் திறந்து, புதிதாக எழுத்துப் பெட்டி திறந்து ஒட்ட வேண்டும். பழைய பெட்டியிலேயே ஒட்டினால் பழைய கோலம்தான். நல்ல சோதனைச் சொல் நம் ஊர்ப் பெயரேதான். "திருகோணமலை"யில் விசிறி, கொம்பு, கால், ரு எல்லாம் இருக்கின்றன. அது சரியாக வந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக வரும்.

முழு வரியும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பையாக வந்தால் அது பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் காட்டும் பழைய எழுத்துருவில், தட்டிய பைல். திறந்த கம்பியூட்டரில் பாமினி எழுத்துரு இல்லை. இலங்கையில் இன்னும் எத்தனையோ அலுவலகக் கடிதங்களும் பழைய டிசைன்களும் பாமினியில்தான் இருக்கின்றன. எழுத்துருவைப் போட்டால் உடனே சரியாகிவிடும்.

தமிழ் எல்லாம் சரி, மின்னஞ்சல் முகவரி மட்டும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாக வந்திருந்தால் அதுவும் பாமினிதான், மறுபக்கமாக. ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய வரியையும் யாரோ முழுதாகத் தெரிவு செய்து பாமினி ஆக்கிவிட்டார். இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. பாமினியில் காற்புள்ளி விசைதான் "இ". ஆகவே இரண்டு தொலைபேசி எண்களுக்கு நடுவில் காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு "இ" வந்து குந்தியிருக்கும். விசிட்டிங் கார்டில் எண்களுக்கு நடுவே ஒரு "இ"யைக் கண்டால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.

எழுத்து சரி, ஆனால் சொல் நடுவில் வெட்டுப்பட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறது, அல்லது "கொ"வின் கொம்பு மேல் வரியிலும் மீதி கீழ் வரியிலும் நிற்கிறது என்றால், தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் இடம் பார்த்து மடித்திருக்கிறார். நகரில் செய்ய முடியாததைக் கொழும்பில் செய்வித்து பஸ்ஸில் இறக்குவது இங்கே வழக்கம் என்பதால் இது அடிக்கடி நடக்கும். அவரைக் குறை சொல்லி என்ன, எங்களில் எத்தனை பேருக்குச் சிங்கள வரியை எங்கே மடிக்கலாம் என்று தெரியும்? மும்மொழிப் பலகை அடிப்பவர்கள் ஒவ்வொரு மொழிக்கும் அதை வாசிக்கிற ஒருவரிடம் கடைசிப் படியைக் காட்டத்தான் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து: எழுத்து சரியாக இருக்கும் கம்பியூட்டரிலேயே எழுத்துகளைக் கேர்வாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது. கேர்வாக்கிய பிறகு அது எழுத்தல்ல, வரைந்த கோடு. எந்த மெசினிலும் உடையாது. ஆனால் திருத்தவும் முடியாது. மாற்றாத மூல பைலை வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி காணாமல் போகிறது, சுழி அடைத்துக்கொள்கிறது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழுக்கே உரிய தொல்லை. தொப்பியில் எம்பிராய்டரி போட்டு வாங்கிய "கடற்கரை", "கடறகரை" ஆகிவிடும். பைலில் புள்ளி இருக்கும், திரையில் இருக்கும், துணியில் இருக்காது. நூலுக்கு என்று ஒரு பருமன் உண்டு. புள்ளி அந்தப் பருமனைவிடச் சிறிதென்றால் மெசின் அதைத் தைக்காது, தைத்தாலும் துணிக்குள் புதைந்துவிடும். "ண", "ணை" போன்றவற்றின் சுழிகளும் அப்படித்தான் அடைபட்டு ஒரு கட்டியாகிவிடும்.

ஆங்கில எழுத்துக்கு 5 மில்லிமீற்றர் உயரம் போதும் என்று தையல்காரர் சொல்வார். தமிழுக்கு அது போதாது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேளுங்கள், புள்ளியைக் கொஞ்சம் பெருப்பித்துக் கேளுங்கள். இடம் இல்லையென்றால் தொப்பியில் லோகோ மட்டும் போடுங்கள். பெயரைத் தமிழில் போட்டே ஆக வேண்டும் என்றால் எழுத்துருவை மாற்றுங்கள். தடிப்பும் மெல்லிசும் கலந்த அலங்கார எழுத்துதான் முதலில் அடைபடும். ஒரே தடிப்பில் ஓடும் சாதாரண எழுத்து தப்பும்.

வலை வழியாக மையைத் தள்ளி அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிலும் இதே அறிகுறி வரும், காரணம் வேறு. கண்ணி அகலமான வலையில் நுணுக்கமான எழுத்தை எடுத்தால் புள்ளி நிற்காது. சென்ரிமீற்றருக்கு 43 நூல் உள்ள வலையில் எடுத்தார்களா, 77 அல்லது அதற்கு மேற்பட்ட வலையில் எடுத்தார்களா என்று கேட்டால், இவருக்கு விசயம் தெரியும் என்று அச்சகக்காரருக்கும் விளங்கிவிடும்.

போனில் பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு

போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாளில் நிறம் மையால் வருகிறது. திரையில் பளிச்சென்று நிற்கும் கிளிப்பச்சை, செம்மஞ்சள், மின்சார நீலம் எதையும் நான்கு மை அச்சு அப்படியே தராது. இதில் பிழை என்று யாரையும் பிடிக்க முடியாது.

ஒன்றை மட்டும் பிடிக்கலாம். கடல் நீலம் கேட்டீர்கள், கத்தரிப்பூ நிறம் வந்தது. நம் ஊரில் எல்லாருடைய லோகோவிலும் கடல் இருப்பதால் இது சாதாரணமாக வரும் முறைப்பாடு. அச்சில் நீலம் என்பது சயன் என்ற வெளிர்நீல மையும் மஜெந்தா என்ற ரோஸ் மையும் சேர்ந்தது. இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில் இருந்தால் அச்சில் ஊதா ஓடும். மஜெந்தாவைச் சயனைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். பைலைத் திறந்து அந்த இரண்டு எண்ணைப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கும்.

ஒரே ஓடரில் சில துண்டு அடர்த்தி, சில துண்டு வெளிறல் என்றால் அது அச்சகத்தின் பொறுப்பு. போன வருடம் அடித்ததற்கும் இந்த வருடம் அடித்ததற்கும் நிறம் வேறு என்றால், போன வருடத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தீர்களா என்பதைப் பொறுத்தது. வட்ஸ்அப் படத்தைக் கொடுத்து "இதே நிறம்" என்றால் எந்த நிறம்?

படம் மங்கல், ஓரம் கட்டம் கட்டம்

பெரும்பாலும் வட்ஸ்அப்தான் காரணம். சாதாரணப் படமாக அனுப்பினால் அதன் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 90க்கு 55 மில்லிமீற்றர் விசிட்டிங் கார்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், அதாவது அகலத்தில் ஏறத்தாழ 1063 பிக்சல். ஆகவே கார்டுக்கு அது தாங்கும். அதையே 10 அடி பனராக இழுத்தால் அங்குலத்துக்கு 13 புள்ளி. தூர நின்று பார்க்கும் பனருக்கு 72 முதல் 100 வரை இருந்தால் போதும், 13 எதற்கும் போதாது. படத்தை ஆவணமாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் போடுங்கள். லோகோ என்றால் வரைந்தவரிடமிருந்து கோட்டு வடிவிலான மூல பைலைக் கேட்டு வாங்குங்கள், அதை எவ்வளவு இழுத்தாலும் உடையாது. லோகோ செய்வித்து, காசு கொடுத்து, மூல பைலை வாங்காமல் விட்டவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

கார்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது மங்கல் பிழையல்ல. பின்னணி நிறத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டாமல் விட்டதால் வந்தது.

ரீசேட் கழுவினால் உதிர்கிறது, வெடிக்கிறது, நிறம் மாறுகிறது

முதலில் எந்த முறையில் அடித்தது என்று பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. மை துணியோடு ஒன்றிக் கொஞ்சம் மேடாக, ஓரம் கூர்மையாக இருந்தால் ஸ்கிரீன் பிரிண்ட். மெல்லிய ரப்பர் தாள் ஒட்டியது போல இருந்து, பல நிறமும் நுணுக்கமும் இருந்தால் டிடிஎஃப், அதாவது படலத்தில் அடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுவது. கைக்குத் தடவ ஒன்றுமே தட்டுப்படாமல் நிறம் துணிக்குள் போயிருந்தால் சப்ளிமேஷன், அதாவது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி ஏற்றுவது.

ஸ்கிரீன் பிரிண்ட் ஒன்றிரண்டு கழுவலிலேயே செதில் செதிலாக உதிர்ந்தால் மை வேகவில்லை. ஸ்கிரீன் பிரிண்டில் போடும் பிளாஸ்டிசோல் மை காற்றில் காய்வதில்லை, சூட்டில் வேகவேண்டும். ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ், அதுவும் மேற்பரப்பில் மட்டுமல்ல, மையின் அடிவரைக்கும். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கழுவும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்கிய இடத்திலேயே அச்சை இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெந்த மை ரப்பர் போல இழுபட்டுத் திரும்பும், வேகாதது வெடித்துப் பிளந்து நிற்கும். பிளந்தால் அதை எறியவும் வேண்டாம். கழுவாத ரீசேட்டை மறுபடி சூடேற்றி வேகவைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கழுவிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் கொஞ்சம் நன்றாக இருந்து பின்னே அடித்தவை உதிர்ந்தால் அவசரம்தான் காரணம். ஒவ்வொரு ரீசேட்டும் மெசினின் சூட்டைக் கொஞ்சம் குடிக்கிறது. அது திரும்ப ஏறும்வரை நிற்காமல் அடுத்ததைப் போட்டால் கடைசிப் பங்குக்குச் சூடு கிடைக்காது.

டிடிஎஃப் மூலையில் தொடங்கி உரிந்தால் அழுத்தம் போதாது, சூடு போதாது, அல்லது துணியில் ஈரம். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. மாரிக் காலத்தில் பருத்தித் துணி அதை நன்றாகக் குடித்து வைத்திருக்கும். படலத்தை வைக்கமுன் வெறும் ரீசேட்டை மூன்று நான்கு செக்கன் அழுத்தி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். புகை போல ஆவி எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் படலம், பெரும்பாலும் 150 முதல் 160 பாகையில் பத்துப் பதினைந்து செக்கன். உரிந்த மூலையை இன்னும் ஒருமுறை அழுத்தினால் பல நேரம் பிடித்துவிடும்.

ஸ்கிரீன் அச்சைச் சுற்றிச் சின்னச் சின்ன மைப் புள்ளிகள், அதுவும் அடிக்க அடிக்கக் கூடிக்கொண்டே போகிற புள்ளிகள் இருந்தால், வலையில் பூசிய, ஒளிபட்டு இறுகும் மருந்து முழுதாகக் காயமுன் ஒளியில் வைத்திருக்கிறார்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாடைக் காற்றோடு மழை பிடிக்கும்போது இது கூடும். வலையைப் பார்த்து ஓட்டையை அடைத்தால் மீதி ரீசேட் தப்பும்.

இனி மிகவும் குழப்பும் அறிகுறி. சிவப்பு ரீசேட்டில் வெள்ளை எழுத்து. வாங்கும்போது பால் வெள்ளை. சில நாளில் ரோஸ் நிறம். கழுவவே இல்லை, அப்படியும் மாறுகிறது. "அண்ணை, வெள்ளை மைக்குள்ள சிவப்பைக் கலந்திட்டீங்களா?" என்று கேட்டால், "தம்பி, நீங்கதான் விலை குறைஞ்ச துணி கேட்டீங்க" என்று பதில் வரும். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்த ரீசேட் பொலியஸ்டர். பொலியஸ்டரின் சாயம் சூட்டில் ஆவியாகிக் கிளம்பி மேலே உள்ள மைக்குள் ஏறுகிறது. கிளம்பியது நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஏறிய சாயத்தை இறக்க வழி இல்லை. அடுத்த முறை பொலியஸ்டருக்கு என்று வரும் மையைக் கேளுங்கள். ஏறத்தாழ 130 பாகையில் வேகும் மையும் உண்டு, வெள்ளைக்கு அடியில் சாயத்தை மறிக்கும் சாம்பல் பூச்சும் உண்டு. சிவப்பு, கடும் நீலம், மெரூன் துணிகளில் இது தவிர்க்கவே முடியாத கேள்வி. விளையாட்டுக் கழகங்களுக்கு அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கப்பில் படம் வெளிறி, கலங்கி வருகிறது

கப் முழுதும் வெளிறினால் சூடோ நேரமோ போதவில்லை. கைபிடிப் பக்கம் மட்டும் வெளிறினால் மெசினின் பட்டி அங்கே தொடவில்லை. படத்தை அந்த ஓரத்துக்கு நீட்டாமல் டிசைன் செய்தால் பிரச்சினையே இல்லை. ஓரங்கள் புகைந்தது போல் கலங்கினால், கறுப்பு பழுப்பாக ஓடினால் சூடு கூடிவிட்டது. சப்ளிமேஷன் பொதுவாக 180 முதல் 200 பாகையில் சில நிமிடம் நிற்கும் வேலை. அந்த எல்லைக்குள்ளும் ஒவ்வொரு கப் வகைக்கும் ஒரு கணக்கு உண்டு.

கடையில் வாங்கிய சாதாரணக் கப்பைக் கொண்டுபோய் "இதில் அடித்துத் தாருங்கள்" என்றால் நிற்காது. மேலே பொலியஸ்டர் வகைப் பூச்சு உள்ள கப்பில்தான் சாயம் இறங்கும். ஹோட்டல் சாப்பாட்டு அறையில் நாள் முழுக்கக் கழுவப்படும் கப் என்றால் சப்ளிமேஷனே வேண்டாம் என்பேன். சூளையில் ஏறத்தாழ 800 பாகையில் சுட்டுப் பதிக்கும் முறையைக் கேளுங்கள். விலை கூட, ஆனால் தேய்க்கிற நாரை அதுதான் தாங்கும்.

பனர் கிழிகிறது, வெளிறுகிறது

எங்கே கிழிந்திருக்கிறது? வளையம் அடித்த இடத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஓரத்தை மடித்து ஒட்டாமல் ஒற்றைத் துணியில் வளையம் அடித்திருக்கிறார்கள், அல்லது வளையங்கள் தூரத் தூர இருக்கின்றன. ஓரத்தை மடித்து, ஒன்றரை அல்லது இரண்டு அடிக்கு ஒரு வளையம் வேண்டும். வளையத்தைச் சுற்றித் துருக் கறை வழிந்திருந்தால் இரும்பு வளையம். கடலோரத்தில் பித்தளை வளையம் கேட்டு வாங்குங்கள்.

நடுவில் கிழிந்திருந்தால் காற்று. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து வீசும். சுற்றுலாச் சீசனும் அப்போதுதான், பனர் அதிகமாகத் தொங்குவதும் அப்போதுதான். காற்றுப் போகட்டும் என்று பனரில் பிறை பிறையாக வெட்டி விடுவது பழைய வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு வெட்டும் அடுத்த கிழிசலின் தொடக்கம். சின்னத் துளைகள் உள்ள வலை பிளெக்ஸ் கிடைக்கிறது, திறந்த இடத்துக்கு அதுதான் சரி. அது இல்லையென்றால் றீப்பர் சட்டத்தில் இழுத்து அடியுங்கள். தளர்ந்து படபடக்கும் பனர்தான் முதலில் போகும்.

வெளிறுவதற்கு வருவோம். மஞ்சளும் மஜெந்தாவும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். அதனால்தான் பழைய பனரில் சாப்பாட்டுப் படங்கள் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. கொத்து ரொட்டியைக் கூடப் பார்க்க முடியாது.

சுவரின் திசையையும் பார்க்க வேண்டும். வடக்குப் பார்த்த சுவரில் வெயில் படாது என்று நினைத்து அங்கே பலகை வைப்பவர்கள் இருக்கிறார்கள். திருகோணமலை வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். சீசன் முழுக்க அந்த வடக்குச் சுவர்தான் வெயில் குடிக்கும். ஒரே அச்சகத்தில் ஒரே நாளில் அடித்த இரண்டு பனரில் ஒன்று வெளிறி மற்றது வெளிறாமல் இருந்தால், மையை விசாரிக்க முன் எந்தச் சுவர் என்று பாருங்கள்.

ஸ்டிக்கர் கழல்கிறது, சுருங்குகிறது

ஒட்டிய சில நாளிலேயே கழன்றால் மேற்பரப்பில் மெழுகோ எண்ணெயோ உப்போ இருந்திருக்கிறது. பைபர் படகில் இது எப்போதும் நடக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் ஒட்ட வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த படகில் உடனே ஒட்டினால் உள்ளிருந்து வாயு கிளம்பிக் கொப்புளம் போடும்.

கழலவில்லை, ஆனால் ஓரம் உள்ளே போய்ச் சுற்றிலும் பசைக் கோடு தெரிகிறது என்றால் வினைல் சுருங்கியிருக்கிறது. விலை குறைந்த வினைலை உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தட்டையாக்குவார்கள், வெயிலில் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். வார்த்துச் செய்யும் வினைல் அப்படிச் சுருங்காது. வளைவுள்ள இடத்துக்கும் நீண்ட நாள் இருக்க வேண்டிய வாகனத்துக்கும் அதைக் கேளுங்கள். ஓட்டோவின் ரெக்சீன் கூரையில் எதை ஒட்டினாலும் நிற்பது அரிது. ரெக்சீனிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை பசையைக் கெடுத்துவிடும். கண்ணாடியில் ஒட்டுங்கள்.

பேனை, கீ டேக், பையில் லோகோ அழிகிறது

செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். மை டேப்போடு வந்தால் பொருளும் மையும் ஒட்டவில்லை. பொலித்தீன் பைகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: அச்சிடமுன் மின்பொறி காட்டி மேற்பரப்பைத் தயார் செய்யவில்லை, அல்லது தயார் செய்த பை நெடுநாள் கிடந்து அந்தத் தன்மை போய்விட்டது.

டேப்புக்கு நின்று, கையில் வைத்திருந்தால் அழிகிறது என்றால் வெயில் கிறீமும் கொசு எண்ணெயும். கடற்கரையில் கொடுக்கும் கீ டேக்குக்கு இது விதி. கொசு எண்ணெயில் உள்ள டீட் என்ற மருந்து சில பிளாஸ்டிக்கையே இளக்கும், மை எம்மாத்திரம். அறைச் சாவிக்கு லேசரில் செதுக்கிய மரமோ உலோகமோ செய்யுங்கள்.

கலண்டர் கொடுத்தோம், எந்தச் சுவரிலும் காணோம்

அச்சு நேர்த்தியாக இருந்தும் தொங்கவில்லை என்றால் உள்ளடக்கத்தைப் பாருங்கள். போயா தினம் ஒன்று மாறியிருந்தால் போதும், வீட்டில் அதை நம்ப மாட்டார்கள். விரத நாள்கள் வாக்கிய பஞ்சாங்கத்தின்படியா திருக்கணிதத்தின்படியா என்று போட்டிருக்க வேண்டும், இரண்டுக்கும் நேரம் வேறுபடும். கிண்ணியா, மூதூர் வாடிக்கையாளருக்குத் தொழுகை நேரம் வேண்டும், அதுவும் கொழும்பு நேரமல்ல, நம் மாவட்ட நேரம். அப்புறம், ஜனவரி பிறந்த பிறகு வந்த கலண்டரை வாங்கி வைப்பார்கள், தொங்கவிட மாட்டார்கள். முதலில் வந்ததுதான் ஆணியைப் பிடிக்கும்.

கியூஆர் கோட் ஸ்கேன் ஆகவில்லை

எந்தப் போனிலும் எடுக்கவில்லை என்றால் சுற்றி வெள்ளை இடம் விடவில்லை, அல்லது அழகுக்காகக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். கட்டத்தின் நான்கு பக்கமும், அதன் மிகச் சிறிய சதுரம் நான்கின் அகலத்துக்கு வெறுமை வேண்டும். நடுவில் லோகோ வைப்பதென்றால் திருத்தும் திறன் கூடிய வகையில் கோட்டை உருவாக்குங்கள். அதுவும் அதிகபட்சம் 30 வீதச் சேதத்தைத்தான் தாங்கும். கிட்ட நின்றால் எடுக்கிறது, எட்ட நின்றால் எடுக்கவில்லை என்றால் அளவு சிறிது. எட்டும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்க வேண்டும், கார்டில் 2 சென்ரிமீற்றருக்குக் கீழே போகக் கூடாது.

ஸ்கேன் ஆகிறது, ஆனால் வேறு ஏதோ பக்கம் திறந்து காசு கேட்கிறது என்றால் அச்சில் ஒரு பிழையும் இல்லை. இடைத்தரகு இணையத்தளத்தில் இலவசமாக எடுத்த கோட், அதன் தவணை முடிந்துவிட்டது. கோட்டைத் திருத்த முடியாது, கையில் மிஞ்சியதன் மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டலாம். அடுத்த முறை உங்கள் சொந்த முகவரியையே நேரடியாகக் கோட் ஆக்கி, அச்சுக்குக் கொடுக்கமுன் இரண்டு மூன்று போனில், வெளி வெயிலில் வைத்து எடுத்துப் பாருங்கள். பளபளப்புத் தாள் ஒட்டிய அட்டை கடைக்குள் எடுக்கும், வெயிலில் கண்ணைக் கூசி எடுக்காது. அதற்கு மங்கல் பூச்சுக் கேட்க வேண்டும்.